தெரியலைன்னா 'என்' சொல்லணுமாம்!

ஒரு டி-ஷர்ட் வாங்குகிறீர்கள். உள்பக்கம் பக்கவாட்டுத் தையலில் ஒரு குட்டி லேபிள் இருக்கிறது. அதில் இப்படி அச்சடித்திருந்தால் எப்படி இருக்கும்?

"இந்த டி-ஷர்ட் உங்களிடம் இருந்தால் இந்த டி-ஷர்ட்டை அணியலாம். தெரியாவிட்டால் அணிய வேண்டாம்."

சிரிப்பு வருகிறதா? எங்கள் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியாவது இப்படி ஒரு லேபிளை வைத்துத் தைத்து அனுப்பினால் பையர் மொத்த சரக்கையும் திருப்பி விடுவான். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் ஆரம்பித்து சூப்பர் கம்ப்யூட்டர் வரைக்கும் ஓடுகிற லினக்ஸ் கெர்னலில் ஏகப்பட்ட டிரைவர்களுக்கு இதே லட்சணத்தில்தான் லேபிள் இருக்கிறது. அதை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. இந்தப் பதிவு அந்த எரிச்சலில் எழுதியது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம் (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். கீபோர்டு, பிரிண்டர், நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுவதற்கு அதற்குள் ஒரு டிரைவர் வேண்டும். கெர்னலை நாமே கம்பைல் செய்யும்போது எந்த டிரைவர் வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு மெனுவில் தேர்ந்தெடுக்கணும். 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடு. 'எம்' என்றால் தனி மாட்யூலாக வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். 'என்' என்றால் வேண்டவே வேண்டாம். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் தேர்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உதவிக் குறிப்பு என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் "தெரியாவிட்டால் 'என்' சொல்லுங்கள்" என்பது.

சரி, கதைக்கு வருவோம்.

என் மாமா ஒரு சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறார். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார். துணி ரோலாக நெய்து வரும்போது ஒவ்வொரு ரோலையும் எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். நிட்டிங் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கொடுத்த நூலும் வந்த துணியும் எடையில் பொருந்த வேண்டும். எனவே எடைதான் அங்கே எல்லாம். தராசில் பழைய சீரியல் போர்ட். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது கிடையாது என்பதால் நடுவே ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள். தராசு காட்டும் எடை நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய் சீட்டு அச்சாகி வரும். கை எழுத்து வேலையே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆர்வக்கோளாறு. மெஷின் பழசு, கெர்னலை இளைக்க வைப்போம் என்று உட்கார்ந்தேன். இதற்கென்றே 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒரு வசதி 2009ல் இருந்து கெர்னலில் இருக்கிறது. அந்த நேரத்தில் என்னென்ன மாட்யூல்கள் ஏறியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அருமையான வசதி. ஆனால் அன்றைக்குத் தராசு வருஷாந்திர முத்திரைக்குப் போயிருந்தது. கேபிளும் அதோடு போயிருந்தது. கேபிள் இல்லாததால் அதன் டிரைவர் ஏறவில்லை. ஏறாததால் அது கழிந்தது. இதெல்லாம் தெரியாமல், டிஸ்கில் இடமில்லை என்று பழைய கெர்னலையும் அழித்துவிட்டேன். (திட்ட வேண்டாம். வீட்டில் ஏற்கனவே திட்டிவிட்டார்கள்.)

முத்திரை முடிந்து தராசு வந்தது. "எடை வர மாட்டீங்குதுங்க தம்பி" என்றார் எடை போடும் அக்கா.

என் தப்புதான். அதை ஒத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். என் கோபம் அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றியது.

தப்பு தெரிந்துவிட்டது: கேபிளின் டிரைவரைத் திரும்பச் சேர்க்கணும். எந்த டிரைவர்? கேபிளில் "யூஎஸ்பி டு ஆர்எஸ் 232" என்பதைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போட்டால் '1ஏ86:7523' என்று ஒரு எண்ணும், கூடவே 'கின்ஹெங் எலக்ட்ரானிக்ஸ்', 'சிஹெச் 340' என்ற பெயர்களும் வந்தன. ஆஹா, கிடைத்துவிட்டது என்று மெனுகான்ஃபிக்கில் போய்த் தேடினேன். கின்ஹெங்? இல்லை. சிஹெச் 340? இல்லை. 7523? இல்லை.

ஏன் இல்லை தெரியுமா? மெனுகான்ஃபிக்கின் தேடல், தேர்வுகளின் உள்பெயரை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் படிக்கிற தலைப்பைப் பார்க்காது. உதவிக் குறிப்புக்குள்ளும் பார்க்காது. அது முதல் கூத்து.

இரண்டாவது கூத்து. அந்த டிரைவர் அங்கேதான் இருந்தது, ஆனால் "யூஎஸ்பி வின்சிப்ஹெட் சிஹெச் 341 சிங்கிள் போர்ட் சீரியல் டிரைவர்" என்ற பெயரில். வின்சிப்ஹெட்டும் கின்ஹெங்கும் ஒரே சீன கம்பெனி. ஒரு இடத்தில் ஒரு பெயர், இன்னொரு இடத்தில் வேறு பெயர். சிஹெச் 341க்கான டிரைவர்தான் 340க்கும் வேலை செய்யும். இது எதுவும் குறிப்பில் இல்லை. நான் கம்பைல் செய்த பதிப்பில் குறிப்பு சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: உங்களிடம் வின்சிப்ஹெட் சிஹெச் 341 அடாப்டர் இருந்தால் 'ஒய்' சொல்லுங்கள், மாட்யூலாக வேண்டுமென்றால் 'எம்', அதன் பெயர் சிஹெச் 341. டி-ஷர்ட் இருந்தால் டி-ஷர்ட்டை அணியலாம்!

"ஒரு நம்பர்தானே வித்தியாசம், யூகிக்கத் தெரியாதா?" என்று கேட்கிற அறிவாளிகளுக்கு ஒரு வார்த்தை. 30ஆம் நம்பர் நூல் கேட்டவனுக்கு 34ஆம் நம்பர் நூலை அனுப்பிவிட்டு "கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று திருப்பூரில் சொல்லிப் பாருங்கள். நம்பர் என்றால் அது நம்பர்தான் என்று பழகிய ஊர்க்காரன் நான். 341 என்று எழுதியிருந்தால் 340 இல்லை என்றுதான் நினைப்பேன்.

மூன்றாவது கூத்து. முதலில் இந்த டிரைவர் மெனுவில் என் கண்ணிலேயே படவில்லை. 'யூஎஸ்பி சீரியல்' என்ற தாய்த் தேர்வு அணைந்திருந்ததால் அதன் கீழே இருந்த அத்தனை டிரைவர்களும் மறைந்துபோயிருந்தன. மறைத்தது தப்பில்லை. "இதைத் திறந்தால் உள்ளே உங்கள் கேபிளுக்கான டிரைவர்கள் இருக்கின்றன" என்று வெளியே ஒரு போர்டு வைக்காததுதான் தப்பு.

கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தேன்? கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இறங்கி 7523 என்ற எண்ணைத் தேடினேன். சிஹெச் 341 டிரைவரின் நிரலில் பளிச்சென்று ஒரு அட்டவணை இருந்தது: 4348:5523, 1ஏ86:7523, 1ஏ86:5523... அட்டவணை எதற்கு என்றால், கேபிளைச் செருகியதும் கெர்னல் இந்த எண்களைப் பார்த்துத்தான் சரியான மாட்யூலைத் தானாக ஏற்றுகிறது. அதாவது, எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்ற விவரம் கெர்னலுக்குள் முழுசாக இருக்கிறது. மெஷினுக்கு அது தெரியும். மெனு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளும் அக்கா எடையைப் பார்த்து நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு ரோல் 26.4 கிலோ. அவசரத்தில் 24.6 என்று எழுதிவிட்டார். நூல் கணக்கில் 1.8 கிலோ இடித்தது. ரோலை வண்டியில் கொண்டுவந்த நிட்டிங் பையனைக் கூப்பிட்டு "துணி எங்கடா போச்சு?" என்று கேட்டார்கள். அவன் முழித்தான். துணி எங்கேயும் போகவில்லை என்பது ரோலை மறுபடி எடை போட்ட பிறகுதான் தெரிந்தது. மாமா அவனைக் கூப்பிட்டு சமாதானம் சொன்னார். நான் சொல்லவில்லை, சொல்லியிருக்கணும். மேல்நாட்டில் யாரோ ஒரு புரோகிராமர் இன்னும் மூன்று வரி எழுத சோம்பல்பட்டதற்கும், இங்கே ஒரு பையன் திருடன் மாதிரி நின்றதற்கும் நடுவில் இருந்தது என்னுடைய முட்டாள்தனம் மட்டும் இல்லை என்று இன்னமும் நினைக்கிறேன்.

இப்போது லேபிளுக்கு வருவோம்.

நம்ம ஊரில் ஒவ்வொரு உருப்படியிலும் வாஷ்கேர் லேபிள் தைக்கிறார்கள். தொட்டி படம், முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். துவைப்பது, பிளீச், உலர்த்துவது, இஸ்திரி, டிரைகிளீன். இந்தப் படங்களின் பின்னால் இருக்கிற ஜினெடெக்ஸ் அமைப்பு 1963ல் தொடங்கியது. ஐஎஸ்ஓ 3758 என்று இதற்கு ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. அமெரிக்காவில் 1972ல் இருந்து துணிகளில் பராமரிப்பு லேபிள் வைப்பது கட்டாயம். தைக்கிற அக்காவுக்கு அதில் எழுதியிருக்கும் ஜெர்மன் புரியாது. அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் லேபிள் தைப்பவருக்கானது இல்லை, போட்டுக்கொள்பவருக்கானது. "என் நிட்டிங் மெஷின் டயா இவ்வளவு" என்று எந்த முதலாளியும் அதில் எழுதுவதில்லை.

கெர்னலில் அப்படி எழுதுகிறார்கள்! நம்பவில்லையா? எஃப்டிடிஐ என்ற இன்னொரு கம்பெனியின் யூஎஸ்பி-சீரியல் சில்லுக்கான டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உதவிக் குறிப்பில் "என்னிடம் இருப்பது யூஎஸ்சி-1000" என்கிற பொருளில் ஒரு வரி. யாரிடம்? யார் இந்த 'நான்'? டிரைவர் எழுதியவர் தன் மேஜைமேல் இருந்த சாதனத்தின் பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டார். இருபது வருஷமாக உலகம் முழுக்க அதைக் கம்பைல் செய்தவர்கள் யாரோ ஒருவருடைய மேஜையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இதே டிரைவருக்கு ஒரு நல்ல கதையும் உண்டு. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு புது டிரைவரை விட்டது. அது போலிச் சில்லுகளைக் கண்டுபிடித்து அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. கேபிள் வாங்கியவனுக்கு அது போலி என்றே தெரியாது, ஆனால் கேபிள் செத்தது. லினக்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பூஜ்ய எண்ணையும் அட்டவணையில் சேர்த்து, செத்த கேபிள்களுக்கும் உயிர் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மனசு உள்ளவர்கள் அவர்கள். நிரலில் இவ்வளவு தாராளம், குறிப்பு எழுதும்போது மட்டும் இவ்வளவு கஞ்சத்தனம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கெர்னலுக்கு வரும் பேட்ச்களைச் சோதிக்க 'செக்பேட்ச்' என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. புது தேர்வின் குறிப்பு நான்கு வரிக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் அது வரிகளை எண்ணுமே தவிர அர்த்தத்தை எண்ணாது. "இது இருந்தால் 'ஒய்', மாட்யூல் வேண்டுமென்றால் 'எம்', அதன் பெயர் இது" என்று இழுத்து எழுதினால் நான்கு வரி நிரம்பிவிடும்.

இனி, வழக்கமாக வரும் நான்கு பதில்கள்.

1. "டிஸ்ட்ரோ கெர்னல் இருக்கும்போது நீ ஏன் நோண்டுகிறாய்?"

டிஸ்ட்ரோ கெர்னலும் வானத்தில் இருந்து விழுவதில்லை. அங்கேயும் ஒரு மனுஷன் உட்கார்ந்து இதே பத்தாயிரத்துக்கும் 'ஒய்', 'எம்', 'என்' சொல்லித்தான் ஆகணும். ரூட்டர், சிசிடிவி ரெக்கார்டர் செய்பவர்களுக்கும் அதே கதிதான். 2012 ஜூலையில் லினஸ் டொர்வால்ட்ஸே ஒரு யோசனையை முன்வைத்தார்: எந்த டிஸ்ட்ரோவுக்கு எந்தத் தேர்வுகள் அவசியம் என்று சாதாரண ஆள் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி, அதை எளிமையாக்கணும் என்று. கெர்னலைப் பெற்றவருக்கே தலைவலி என்றால் நான் யார்?

2. "தெரியாதவன் தொடக்கூடாது."

பழைய வாதம் இது. 2000-2002 காலத்தில் எரிக் ரேமண்ட் 'சிஎம்எல் 2' என்று ஒரு புது அமைப்பை எழுதினார். 'ஆன்ட்டி டில்லி' என்று கம்ப்யூட்டர் தெரியாத ஒரு கற்பனை அத்தையைக் காட்டி, அவராலும் கெர்னல் கம்பைல் செய்ய முடியணும் என்று வாதாடினார். அத்தை எதற்குக் கெர்னல் கம்பைல் செய்யணும் என்று சிரித்தார்கள். சிஎம்எல் 2 ஏற்கப்படவில்லை. 2002 அக்டோபரில் வந்த 2.5.45 பதிப்பில் ரோமன் ஜிப்பல் எழுதிய 'கேகான்ஃபிக்' நுழைந்தது. இன்றைக்கும் அதுதான். அத்தை விஷயத்தில் சிரித்தது நியாயமாகக்கூட இருக்கட்டும். ஆனால் அத்தைக்கும் டிரைவர் எழுதுகிறவருக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: மாணவர்கள், கடை வைத்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்கள், கம்பெனியில் தனி ஆளாக சிஸ்டம் பார்ப்பவர்கள். எங்களுக்கு எல்எஸ்யூஎஸ்பி தெரியும், கம்பைல் செய்யத் தெரியும். கேபிளுக்கும் தேர்வுக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம்தான் கேட்கிறோம். தெரியாதவன் தொடாமலே இருந்தால் எப்போதுதான் தெரிந்துகொள்வான்?

3. "சாதனப் பெயர்களை எழுதினால் சீக்கிரம் பழசாகிவிடும்."

ரியல்டெக் நெட்வொர்க் கார்டுக்கான ஆர் 8169 டிரைவரைப் பாருங்கள. வெகுகாலம் அதன் தலைப்பில் 8169 மட்டும்தான் இருந்தது. மதர்போர்டுகளில் இருந்ததோ பெரும்பாலும் 8168, 8101 குடும்பங்கள். அவற்றுக்கும் இதே டிரைவர்தான் என்று தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேரோ. பிறகு தலைப்பிலேயே 8169, 8168, 8101, 8125 என்று நான்கையும் எழுதினார்கள், குறிப்பிலும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை. இன்னும் ஒன்று: கெர்னலுக்கு வெளியே 'லினக்ஸ் கெர்னல் டிரைவர் டேட்டாபேஸ்' என்று ஒரு திட்டம், மூலநிரலில் இருக்கும் அந்த அட்டவணைகளைத் தானாகப் படித்து, எந்தத் தேர்வில் எந்தச் சாதனங்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டுகிறது. வெளியில் இருந்து முடிகிற வேலை உள்ளேயே முடியாதா?

4. "குறை சொல்லாதே, பேட்ச் அனுப்பு."

நான்கில் நான் மதிக்கிற பதில் இது ஒன்றுதான். எனவே சிஹெச் 341க்கு நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பின் தமிழ் வடிவம் இதோ:

"சிஹெச் 340, சிஹெச் 341 சில்லு உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிள்களுக்கான டிரைவர். விலை குறைந்த கேபிள்களிலும் ஆர்டுயினோ நகல் போர்டுகளிலும் இந்தச் சில்லு அதிகம். எல்எஸ்யூஎஸ்பியில் 1ஏ86:7523, 1ஏ86:5523 அல்லது 4348:5523 என்று வந்தால் உங்களுக்கு வேண்டியது இதுதான். கம்பெனி பெயர் வின்சிப்ஹெட் என்றோ கின்ஹெங் என்றோ இருக்கலாம். இது இல்லாவிட்டால் கேபிளைச் செருகினாலும் சீரியல் போர்ட் உருவாகாது. தெரியாவிட்டால் 'எம்' சொல்லுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். 'என்' இல்லை, 'எம்'. செருகிக் கழற்றும் சாதனங்களுக்கு 'எம்' சொன்னால் என்ன நஷ்டம்? டிஸ்கில் கொஞ்சூண்டு இடம், கம்பைல் நேரத்தில் சில வினாடி. சாதனம் இல்லாவிட்டால் மாட்யூல் ஏறவே ஏறாது. 'என்' சொன்னால் நஷ்டம்? மேலே படித்தீர்களே, அந்த 1.8 கிலோ. சந்தேகத்தின் பலனைச் சாதனம் வைத்திருப்பவனுக்குக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, ஒவ்வொரு டிரைவர் குறிப்பிலும் நான்கு விஷயம் போதும். எந்தெந்த சாதனம், கடையில் என்ன பெயரில் கிடைக்கிறது. கட்டளையில் எந்த எண் வந்தால் இதுதான் என்று உறுதி. இது இல்லாவிட்டால் எது நின்றுபோகும். சந்தேகம் என்றால் என்ன சொல்வது. கூடவே தேடல் பெட்டி குறிப்புக்குள்ளேயும் தேடணும். வாஷ்கேர் லேபிளில் ஐந்து படம் வைக்கத் தெரிந்த உலகம், இதில் நான்கு வரி எழுதலாம்.

நம்ம கிளாஸ் மக்களுக்கு: குறிப்பு எழுத சி மொழி தெரிய வேண்டாம். சாதனம் கையில் இருந்தால் போதும், அது டிரைவர் எழுதியவரிடமே சில சமயம் இருக்காது. ஆளுக்கு ஒரு சாதனம் எடுங்கள்: ஹாஸ்டலில் இருக்கும் வைஃபை டாங்கிள், லேபில் இருக்கும் சீரியல் கேபிள், வீட்டுக் கடையில் இருக்கும் பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர். எண்ணை எடுங்கள், டிரைவரைக் கண்டுபிடியுங்கள், குறிப்பைப் படியுங்கள். உங்களுக்கே புரியவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள். யாருக்கு அனுப்பணும் என்று சொல்ல கெர்னலுக்குள்ளேயே 'கெட் மெயின்டெய்னர்' என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆங்கிலம் சரி பார்க்கணும் என்றால் என்னிடம் கொடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து தப்பு விடலாம் :)

என் பேட்சை இந்த வாரம் அனுப்புகிறேன். நிராகரித்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் இங்கேயே எழுதுகிறேன்.

பி.கு: மாமா இப்போது கேபிளில் ஸ்கெட்ச் பேனாவால் "340 - 341 தான்" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். கெர்னலில் இல்லாத உதவிக் குறிப்பு.